எண்ணெய் உறைந்த உயரம்

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்து நாலைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் அப்போது மலாக்கா விமானத் திடலின் ஓரத்தில் இருந்த சிறிய வானிலை நிலையத்தில் வேலை பார்த்தேன். மணிக்கொரு தடவை புல்வெளியில் நிற்கும் வெள்ளை மரக்கூண்டைத் திறந்து வெப்பமானியைப் பார்க்க வேண்டும். மழையை அளக்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எழுத வேண்டும். கடைசியாக, வடகிழக்கே லேடாங் மலை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். மலை தெரிந்தால் விமானி நம்பி இறங்கலாம். தெரியாவிட்டால் யோசிக்க வேண்டும். எனக்கும் அந்த மலைக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நான் பிறந்ததே அந்த மலை அடிவாரத்தில் இருந்த ஒரு கித்தா தோட்டத்தில், ரப்பர் மரம் சீவுகிறவர்களின் லயத்தில். என் இளமைக் காலம் முழுக்க, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலமாக இருந்தது. காட்டுக்குள் போனால் பட்டாளத்துக்காரன் சுடுவான், இல்லாவிட்டால் அவன் தேடுகிறவன் சுடுவான் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். காட்டுத் தடை நீங்கிய பிறகும் எனக்கு அங்கே ஏறிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதில்லை.

தோன்றியது என் மனைவிக்கு.

நாங்கள் காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவள் பிறந்தது அங்கேயே, கம்போங் செட்டியில். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகள் அவர்கள்; கும்பிடும் சாமி நம் சாமி, பேசும் பேச்சு மலாய். எனக்கு வாழ்க்கைப்படும்போது அவளுக்குத் தெரிந்த தமிழ் சாமி பெயர்களும், சில சமையல் சாமான்களும், சில உறவுமுறைகளும்தான். பிறகு என்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டாள். கோபம் வந்தால் மலாய், ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால் தமிழ். மலாய்ப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவதுபோல் என்னை அபாங் என்று கூப்பிடுவாள்.

அவள் ஒரு மருத்துவரின் கிளினிக்கில் வேலை பார்த்தாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்த்து நோட்டில் எழுதுவது அவள் பொறுப்பு. ஆக வீட்டில் இரண்டு பேருமே வெப்பமானி பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஒருநாள் சாப்பிடும்போது, மலை உச்சியில் எவ்வளவு குளிரும் என்று கேட்டாள். ஆயிரம் அடி ஏறினால் காற்றின் சூடு மூன்றரை டிகிரி குறையும் என்று நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு எல்லாமே பாரன்ஹீட் கணக்கு.

லேடாங்கில் யார் போய் அளந்தது என்று கேட்டாள். யாரும் இல்லை, எல்லா மலைக்கும் அதுதான் கணக்கு என்றேன். காற்றுக்குச் சரி, மண்ணுக்கு எவ்வளவு குறையும் என்று அடுத்த கேள்வி. எனக்குத் தெரியவில்லை. எங்கள் நிலையத்தில் மண்ணுக்குள் புதைத்து வைத்த வெப்பமானியும் உண்டு, தினமும் பார்க்கிறேன். ஆனால் மலையின் மண்ணைப் பற்றி நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

"ஒரே அக்குள்ல வெச்சுப் பாத்துட்டு உடம்பு முழுக்கத் தெரியும்னு சொல்றீங்க" என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அன்று முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் நிலையத்தின் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர். வெப்பமானிக்குப் பக்கத்தில் மூச்சு விட்டால்கூட அளவு கெட்டுப்போகும் என்று, மூச்சை அடக்கிக்கொண்டு வாசிக்கப் பழக்கியவர். அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஏன், எதற்கு என்று துருவிவிட்டு, உபயோகத்திலிருந்து எடுத்து வைத்திருந்த இரண்டு பழைய வெப்பமானிகளைத் தந்தார். ஒன்று காற்றுக்கு, ஒன்று மண்ணுக்கு. பஞ்சு வைத்த மரப்பெட்டியில் அவரே கையால் படுக்க வைத்து மூடினார்.

ஜனவரி மாதம். கம்போங் செட்டியில் முன்னோர்களுக்குப் படைக்கும் பார்ச்சு முடிந்து, பொங்கலும் முடிந்திருந்தது. மலாக்காவில் அப்போது மழை குறைவு, வானம் துலக்கமாக இருக்கும். பஸ் ஏறிப் போய் தோட்டத்தில் என் அண்ணன் வீட்டில் ஒரு இரவு தங்கினோம். பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மலை ஏறுகிறானாம் என்று லயமே வந்து பார்த்தது. அண்ணன் பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, ஒரு மலாய்க்காரரை வழிகாட்டியாக ஏற்பாடு செய்திருந்தார். மலையில் பிரம்பு வெட்டிப் பிழைக்கிறவர். ஐம்பது வயதிருக்கும். அவரை நாங்கள் பாக்சிக் என்று கூப்பிட்டோம். மலாயில் சித்தப்பா, மாமா எல்லாருக்கும் அந்த ஒரு சொல் போதும்.

விடிந்ததும் கிளம்பினோம். உச்சி வரைக்கும் ஏழு இடத்தில் உட்காருவது தன் வழக்கம் என்று பாக்சிக் சொல்லிவிட்டார். அந்த ஏழு இடத்திலும் அளப்பது என்று என் மனைவி அப்போதே முடிவு செய்து, கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த நோட்டில் ஒன்று முதல் ஏழு வரை கோடு போட்டுக்கொண்டாள். முதல் இடத்தில் பாக்சிக்கின் பாராங் கத்தியால் ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணுக்குள் ஒன்றைச் செருகினோம். மற்றதை நிழலில் ஒரு கொடியில் தொங்கவிட்டோம். கால் மணி நேரம் பொறுத்து நான் மூச்சை அடக்கி வாசித்தேன், அவள் எழுதினாள். இரண்டாவது இடத்திலும் அப்படியே. இரண்டு அளவும் கொஞ்சம் இறங்கியிருந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. லேடாங் மலையில் வெப்பமானி கொண்டுபோன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று அவளிடம் சொன்னேன்.

சொல்லிக் கொஞ்ச நேரத்தில் ஓர் ஓடையைக் கடக்கும்போது பாசி வழுக்கி விழுந்தேன். முழங்கால் பாறையில் இடித்தது. பெட்டி கையை விட்டுப் போய்க் கல்லில் மோதித் திறந்துகொண்டது. இரண்டு வெப்பமானியும் போய்விட்டன. பாறைக் குழியில் பாதரசம் சின்னச் சின்ன உருண்டையாக ஓடிக்கொண்டிருந்தது. நான் கையால் அள்ளப் போனேன். கிளினிக்கில் பழகியவள், தொடவேண்டாம் என்று என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். இலையில் ஏந்தி, ஓடைக்கு எட்டாத தூரத்தில் குழி தோண்டிப் புதைத்தாள்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தலைவர் முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒரு பக்கம். ஏறி என்ன பயன் என்பது மறுபக்கம். திரும்பிவிடலாம் என்றேன். பாக்சிக் இலைச் சுருட்டு சுற்ற ஆரம்பித்தார்.

"கண்ணாடிதானே ஒடஞ்சிச்சு" என்றாள் என் மனைவி. "மலை அங்கயேதான் இருக்கு."

முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு ஏறினேன். உயரம் போகப் போக மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. அடிவாரத்தில் தலை நிமிர்ந்து பார்த்தாலும் நுனி தெரியாத மரங்கள். ஆறாவது இடத்தில் என் தோள் உயரத்துக்கு முறுக்கிக்கொண்டு நின்றன. எல்லாவற்றின் மேலும் பாசி. மலாய்க்காரர்கள் குரங்குப் பானை என்று சொல்லும் குடுவைச் செடிகள் வழியெல்லாம் தொங்கின. வியர்த்து நனைந்த சட்டை முதுகில் சில்லென்று ஒட்டியது. என் மனைவி அளப்பதை விடவில்லை. ஒவ்வொரு இடத்திலும் உள்ளங்கையை மண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, காற்றிலும் கையை நீட்டிப் பார்த்து, மலாயில் இரண்டு வரி எழுதிக்கொண்டாள். எனக்கு அது விளையாட்டாகப் பட்டது. கையால் பார்த்து எழுதுவதெல்லாம் ஓர் அளவா என்று மனதுக்குள் நினைத்தேன்.

ஏழாவது இடம் உச்சிக்குச் சற்றுக் கீழே, குடைபோல் நீட்டியிருந்த ஒரு பாறை. மாலை ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மேற்கே மலாக்கா நீரிணைக் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. என் முழங்கால் வீங்கிப் போயிருந்தது. எண்ணெய் தடவி நீவலாம் என்று என் மனைவி பையிலிருந்து தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். கிளினிக்கில் மருந்து வந்த சின்னக் கண்ணாடிப் புட்டி. மூடியைத் திறந்து கையில் கவிழ்த்தாள். எண்ணெய் வரவில்லை. உலுக்கிப் பார்த்தாள். வரவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் தெரிந்தது, உள்ளே எண்ணெய் வெள்ளையாக இருந்தது.

கெட்டுப்போய்விட்டது என்று பயந்தாள். தமிழ்நாட்டில் மார்கழிக் காலையில் வீட்டுக்கு வீடு நடக்கிற சங்கதிதான். ஆனால் மலாக்காவில் தேங்காயெண்ணெய் வருஷம் முழுக்கத் தண்ணீராகவே ஓடும். அங்கே பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் அது புதுசு. குளிரில் உறைந்திருக்கிறது என்று நான் விளக்கினேன். எத்தனை டிகிரியில் உறையும் என்று கேட்டாள். எழுபத்தாறுக்குப் பக்கத்தில் இருக்கலாம், சரியாக நினைவில்லை என்றேன். எப்போதும் அதே டிகிரியில்தானா என்றாள். ஒரே எண்ணெய் என்றால் அநேகமாக அப்படித்தான் என்றேன்.

அவள் என் முழங்காலை மறந்துவிட்டாள். மத்தியானம் சோற்றோடு சாப்பிட்டு முடித்த சிஞ்சாலோக் புட்டி ஒன்று காலியாக இருந்தது. ஊறிய கூனி இறாலின் வாடை போக அதை மணல் போட்டுக் கழுவினாள். எண்ணெய்ப் புட்டியை உள்ளங்கைச் சூட்டில் உருக்கி, பாதியை அதில் ஊற்றினாள். ஒரு புட்டியை மரக்கிளையில் நூலால் கட்டித் தொங்கவிட்டாள். மற்றதை ஒரு சாண் ஆழத்தில் புதைத்து மேலே ஓர் அடையாளக் குச்சி நட்டாள். பாக்சிக் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என் மனைவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

விடிகாலையில் அவள்தான் முதலில் எழுந்தாள். என்னை உலுக்கி எழுப்பி இரண்டு புட்டியையும் முன்னால் நீட்டினாள். தொங்கியது மெழுகுவர்த்திபோல் இறுகிக் கிடந்தது. குச்சியால் குத்தினாலும் இறங்கவில்லை. புதைத்ததும் வெள்ளைதான், ஆனால் நெய்ப் பதம். குச்சி லேசாக இறங்கியது. காற்றைவிட மண் சூடாக இருக்கிறது. வெப்பமானியே இல்லாமல் அது எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிந்தது.

வெயில் வந்ததும் இன்னொன்று செய்தாள். வெறும் பாறை அவள் காலுக்கு விடியலில் ஐஸ்கட்டிபோல் இருந்ததாம். அதே பாறையில் வெயில் விழுந்த இடத்தில் ஒரு புட்டியை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் தெளிந்து ஓடியது. நாலடி தள்ளி நிழலில் தொங்கிய மற்றது அப்படியே கட்டியாக இருந்தது. வெயில் படுகிற பாறையின் கதை வேறு, மரத்தடி மண்ணின் கதை வேறு, இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதக்கூடாது என்றாள். நோட்டில் புதிதாக ஒரு கோடு போட்டாள்.

இறங்கும்போது ஒவ்வொரு இடத்திலும் இரண்டு புட்டியையும் வைத்துப் பார்த்தோம். பாக்சிக் இரண்டு இலைச் சுருட்டு சுற்றிக் குடித்து முடிக்கும் வரை காத்திருப்பது என்று கணக்கு. ஆறிலும் ஐந்திலும் இரண்டுமே வெள்ளை. நாலாவது இடத்துக்கு வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. தொங்கவிட்டது மெல்ல மெல்லத் தெளிந்து எண்ணெயாகிவிட்டது. புதைத்ததைத் தோண்டி எடுத்தால் இன்னும் வெள்ளை.

நான் குழம்பினேன். காலையில் மண்தானே சூடாக இருந்தது, இப்போது மண் குளிர்ச்சியாக இருக்கிறதே, எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்றேன். அவள் மண்ணில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளுடைய தமிழில் சொன்னாள்:

"மண்ணு மாறல, அபாங். காத்துதான் போயி போயி வருது."

நிலையத்தில் மண்ணுக்குள் இருக்கும் வெப்பமானியின் எண்களை மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருந்தவன் நான். காலையும் மாலையும் அது அசையாமல் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அது எதைச் சொல்கிறது என்று யோசித்ததில்லை. காட்டுக்குள் மண் அன்றன்றைய வெயிலையும் குளிரையும் பொருட்படுத்துவதில்லை. அந்த உயரத்துக்கு எது நடுவான சூடோ அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. காற்று இரவில் அதற்குக் கீழே போகிறது, பகலில் மேலே வருகிறது. மண்ணின் சூடு மாறவேண்டும் என்றால் நாம் ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். மூன்றாவது இடத்தில் புதைத்த புட்டியும் தெளிந்தபோது, ஏதோ நான் பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல் நான் பாக்சிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

திங்கள்கிழமை காலை உடைந்த கண்ணாடித் துண்டுகளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு தலைவர் முன்னால் போய் நின்றேன். கண்ணாடியைப் பார்த்ததும் அவர் முகம் இறுகிவிட்டது. நான் சொல்லவேண்டியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நோட்டைத் திறந்தார். அவருக்கு மலாய் நன்றாக வரும். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இது ஆர் எழுதினது?" என்று கேட்டார்.

மனைவி என்றேன்.

"அப்ப உமக்கு என்ன வேலை அங்க?"

விழுந்தது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அவளை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

அவள் நல்ல கெபாயா உடுத்திக்கொண்டு, இரண்டு புட்டியையும் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். தலைவர் அவற்றை ஒரு வாளித் தண்ணீரில் வைத்து, ஐஸ் போட்டு, பக்கத்தில் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் எப்போது வெள்ளையாகிறது, திரும்ப எப்போது தெளிகிறது என்று பார்த்தார். உறைவதற்குக் கொஞ்சம் அடம் பிடிக்கிறது, உருகுவதுதான் நம்பத் தகுந்தது என்று கண்டார்கள். அவள் மலையிலேயே அதைக் கவனித்து எழுதி வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தலைவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டு, அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டு கேள்வி கேட்டார். மூன்று வருஷத்தில் என்னை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. எனக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வீட்டுக்காரியை ஒரு பெரிய மனிதர் சமமாக நின்று கேட்கிறாரே என்று நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

அவர் இன்னும் இரண்டு வெப்பமானிகள் தந்தார். இந்தத் தடவை பெட்டியை அவள் கையில் கொடுத்தார். மாசி மாதத்தில் மறுபடி ஏறினோம். நாலாவது இடத்தில் ஒரு நாள் முழுக்கத் தங்கி, விடியலிலும் மத்தியானத்திலும் மாலையிலும் வாசித்தோம். காற்று பத்து டிகிரிக்குப் பக்கம் ஏறி இறங்கியது. மண் ஒரு டிகிரிகூட நகரவில்லை. எண்ணெய் தெளிந்த நேரத்தில் வெப்பமானி என்ன காட்டியது என்று பார்த்தேன். வாளித் தண்ணீரில் பார்த்த அதே எண். அவள் சின்னப் புட்டியும் கண்ணுமாக முதல் தடவை எழுதியதில் ஒரு வரியைக்கூட அடிக்க வேண்டியிருக்கவில்லை.

தலைவர், பாக்சிக் தான் வழக்கமாக உட்காரும் இடங்களுக்குச் சொல்லியிருந்த அடையாளங்களை வரைபடத்தில் பார்த்து ஏழு இடத்தின் உயரத்தையும் கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் தட்டச்சு செய்தார். மேலே அவள் பெயரை முதலில் போட்டு, அதற்குக் கீழே என் பெயரைப் போட்டிருந்தார். தன் பெயரைப் போடவில்லை. அவள் பார்த்துவிட்டு, இடங்களைத் தேர்ந்தெடுத்தது பாக்சிக், அவர் பெயர் எங்கே என்று கேட்டாள். தலைவர் மறுபேச்சு இல்லாமல் தாளை உருவி எறிந்துவிட்டுப் புதிதாக அடித்தார்.

அந்தத் தாளில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்துக்குப் போனோம். பாக்சிக் பிரம்பைச் சீவிக்கொண்டிருந்தார். அவருக்கு, மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவிதான் தெரியும். அதனால் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, ஆங்கிலத்தை மலாயில் மாற்றிச் சொல்லிக்கொண்டே வாசித்தாள். தன் பெயர் வந்தபோது அவர் கத்தியைக் கீழே வைத்தார். முழுவதையும் கேட்டு முடித்து, ஒரு திருத்தம் இருக்கிறது என்றார். ஐந்தாவது இடத்தில் அவர் வழக்கமாக உட்காருவது ஊற்றுக்கு மேலே. அன்றைக்கு என் முழங்காலைப் பார்த்து இரக்கப்பட்டு, ஊற்றுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டாராம். இரண்டாவது தடவையும் அதே பழக்கத்தில் அங்கேயே உட்கார்ந்தாயிற்று. ஆகவே உயரம் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும்.

அவள் எவ்வளவு குறைவு என்று கேட்டாள். அவர் எழுந்து போய், முற்றத்தில் நின்ற ஒரு தென்னை மரத்தைக் காட்டி, அந்த மாதிரி மூன்று மரம் என்றார். அவள் மரத்தின் உயரத்தைக் கண்ணால் அளந்து, விரல் விட்டு எண்ணி, தட்டச்சு செய்த அந்தத் தாளிலேயே பென்சிலால் எண்ணை அடித்துத் திருத்தி எழுதினாள்.